எந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்?
வெள்ளாற்றுப் படுகையின் சிலந்தி, தேள், பூரான், நண்டு: அடையாளம் காண்பது பற்றிய ஓர் ஆய்வு

சம்பா நெல்லில் புகையான் என்ற தத்துப்பூச்சி விழுந்தால் எப்போது மருந்தடிப்பது என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வயலில் சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான் என்பதே எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுத்துக்கொள்ளலாம். சிலந்தியைச் சிலந்தி என்று கண்டு எண்ணத் தெரிந்தவருக்கு மருந்தடிப்பதற்கான எல்லை இரண்டு மடங்காகிவிடுகிறது. வீராணம் ஏரியையும் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் நம்பி நடவு செய்யும் புவனகிரி வட்டாரத்தில் அது ஒரு தெளிப்புக்கான மருந்துச் செலவும் ஆள் கூலியும் மிச்சமாகும் காரியம்.

பூச்சியல்லாத கணுக்காலிகளை, அதாவது சிலந்தி, தேள், உண்ணி, சிலந்திப்பேன், பூரான், மரவட்டை, நண்டு, இறால் ஆகியவற்றை, அடையாளம் காண்பது என்றாலே அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கும் சிலருடைய வேலை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. வெள்ளாறு கடலைத் தொடும் பரங்கிப்பேட்டை வரை இந்தப் படுகையில் நடக்கும் பல காரியங்களை எடுத்துப் பார்த்தால் நிலைமை வேறு. விவசாயி, செவிலியர், மாடு வளர்ப்பவர், நண்டு வியாபாரி எல்லோரும் தினமும் ஏதோ ஓர் அளவில் அடையாளம் கண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். யாருக்கு எந்த அளவுக்குத் தெரிந்தால் போதும், எந்த இடத்தில் அரைகுறை அறிவு ஆபத்தாகிறது என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

முதலில் வயல். நெற்பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரைக் கையால் ஒதுக்கிப் பார்த்தால் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று தண்ணீரின் மேலேயே ஓடி மறையும். முதுகின் முன்பகுதியில் கவைக்கோல் போல ஒரு கோடு பிரிந்திருக்கும். இதுதான் ஓநாய்ச் சிலந்தி. நம் நெல் வயல்களில் காணும் முக்கியமான இனம் பார்டோசா சூடோஅன்யுலேட்டா. இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை, ஓடிப் பிடிக்கிறது. நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகளைத் தின்னும் என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கையேடு கணக்கிடுகிறது. பெண் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமந்துகொண்டே வேட்டையாடும். குஞ்சுகள் வெளிவந்ததும் அறுபது எண்பது பேரும் தாயின் முதுகில் ஏறிக்கொள்வார்கள். இரவில் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் பயிரின் அடியில் பச்சையாகப் பொறிப்பொறியாக மின்னும். பனித்துளி என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அவை கண்கள். கீழ் வரிசையில் நான்கு சிறிய கண்கள், நடுவில் முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள், மேலே இன்னும் இரண்டு. இந்த அமைப்பைப் பார்த்தவுடன் குடும்பத்தைச் சொல்லிவிடலாம், நுண்ணோக்கி தேவையில்லை.

இதே வயலில் கால்களை முன்னும் பின்னும் நீட்டி இலையோடு இலையாகப் படுத்திருப்பது நீள்தாடைச் சிலந்தி, டெட்ராக்னாதா. கால் முழுக்க முள்முள்ளாக, இலைமேல் உட்கார்ந்து அந்துப்பூச்சியைத் தாவிப் பிடிப்பது ஆக்ஸியோபஸ். இனப்பெயர் தெரியாவிட்டாலும் இந்த மூன்றும் சிலந்தி, மூன்றும் நம் பக்கம் என்று தெரிந்தால் வரப்பில் நிற்பவருக்கு அது போதும். அடித்தூரில் தங்கிப் புகையானை வேட்டையாடுவது முதலாவது என்பதும் தெரிந்தால் கணக்கு இன்னும் சரியாக வரும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தோனேசியா பட்டுக் கற்றுக்கொண்டது. பரவலாகக் கொல்லும் மருந்துகளை அடித்தபோது ஓநாய்ச் சிலந்தி முதலில் மாண்டது. இலையுறைக்குள் பொதிந்திருந்த புகையான் முட்டை தப்பியது. பொரித்து வந்த குஞ்சுகளைத் தின்ன யாரும் இல்லை. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. 1986 நவம்பரில் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்து, வயலைக் கவனித்து முடிவெடுக்க விவசாயிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. அந்தப் பயிற்சியில் நண்பன் எது, எதிரி எது என்று வயலிலேயே பிரித்துக் காட்டுவது முக்கியமான பாடமாக இருந்தது. காவிரிப் படுகையின் கடைமடையில் இருக்கும் நமக்கு அந்தப் பாடம் இன்றும் பொருந்துகிறது.

இந்த வட்டாரத்து உயிர்களுக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்ட வரலாறும் பக்கத்திலேயே தொடங்குகிறது. கடற்கரை வழியே தெற்கே போனால் தரங்கம்பாடி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த டேனிஷ் மிஷன் பாதிரிமாரும் டால்டார்ஃப் என்ற படை அதிகாரியும் இங்கே பிடித்த உயிர்களைச் சாராயத்தில் போட்டும் ஊசியில் குத்தியும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று லின்னேயஸின் மாணவர் யோஹான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸின் மேசை. அவர் 1798இல் வெளியிட்ட ஒரே நூலில் நம் செந்தேளுக்கு 'டாமுலஸ்' என்றும், ஒரு சேற்று நண்டுக்கு 'டிராங்குபாரிக்கஸ்' என்றும் பெயர் வைத்தார். முன்னது தமிழரின் பெயரையும் பின்னது தரங்கம்பாடியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. அந்த நூல் பூச்சிகளைப் பற்றியது. அந்தக் காலத்தில் தேளும் நண்டும் பூச்சி என்ற பெரிய வகுப்புக்குள்ளேயே அடங்கின. அவற்றைப் பிரித்துத் தனித்தனி வகுப்பாக்கும் வேலை அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சில் லாமார்க்கின் கையால் நடந்தது.

பிறகு ஆங்கிலேய விலங்கியலாளர் போக்காக் வந்தார். லண்டனில் இருந்தபடியே 1899இல் அரக்கோணத்து மரச் சிலந்தியைப் பொயிசிலோதீரியா ரீகாலிஸ் என்று விவரித்தார். மறு ஆண்டு பிரித்தானிய இந்தியாவின் எட்டுக்காலிகளைப் பற்றிய தொகுதியை எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1920இல் வந்த கிரேவ்லி இங்கிருந்தே ஓநாய்ச் சிலந்திகளை ஆராய்ந்தார். சுதந்திர இந்தியாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் டிக்காடர் சிலந்திகளுக்கும், பஸ்தவடேயுடன் சேர்ந்து தேள்களுக்கும் தொகுதிகள் எழுதினார். 2012இல் வெளியான பட்டியல் இந்தியச் சிலந்திகள் 1,686 இனங்கள் என்றது. அதற்குப் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. உலகச் சிலந்திப் பட்டியலில் 50,000ஆவது இனம் 2022 ஏப்ரலில் சேர்ந்தது. இவ்வளவு உழைப்பிலும் தமிழில் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகக்கூடியது மிகக் குறைவு என்பதே என் ஆதங்கம்.

பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற வழி காலை எண்ணுவது. ஆறு கால் என்றால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி வகை, பத்து என்றால் நண்டு, அதற்கு மேல் என்றால் பூரானோ மரவட்டையோ. தொடங்குவதற்கு நல்ல வழிதான். ஆனால் கைவிடக்கூடாத நேரத்தில் கைவிட்டுவிடும். முசிறு எறும்பு கூடு கட்டியிருக்கும் மாமரத்தில் உற்றுப் பார்த்தால், எறும்புகளோடு எறும்பாக ஓடும் ஒன்று இலையிலிருந்து நூல் விட்டு இறங்குவதைக் காணலாம். அது மிர்மராக்னே என்ற தத்துச் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்து ஆறு காலில் நடக்கும். சிலந்தியின் இடுப்பு ஒன்று, எறும்பின் இடுப்பு மெலிந்து முடிச்சிட்டது என்பதால் இதன் உடலிலும் பொய்யாக இடுக்குகள் இருக்கும். கண்களைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். முகத்தில் கார் விளக்கு மாதிரி இரண்டு பெரிய கண்கள். வீட்டுச் சுவரில் ஈயைத் தாவிப் பிடிக்கும் ஈப்புலிக்கும் இதே கண்கள்தான். இரண்டும் ஒரே குடும்பம்.

இன்னொரு பக்கம், ஒடிசா, வங்கக் கரைகளில் வாழும் குதிரைலாட நண்டைப் பெயர் கொண்டு நண்டோடு சேர்த்தால் தவறு. அது சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. பூரானுக்கு நூறு கால் என்பதும் எந்தப் பூரானிலும் நடக்காது. அதன் கால் இணைகள் 15 முதல் 191 வரை, வழக்கமாக ஒற்றைப்படை எண்ணிலேயே வரும். ஐம்பது இணை அமைய வழியில்லை. நம் ஊர்ச் செய்யானுக்கு 21 இணை. கடிக்க அது பயன்படுத்துவது வாயை அல்ல, நஞ்சுக் கொடுக்காக மாறிய முதல் இணைக் கால்களை. மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு இணைக் கால்கள், கடிக்கவே கடிக்காது. தொட்டால் சுருண்டு, சில வகைகள் தோலில் கறை ஏற்றும் நீரைக் கசியவிடும். குழந்தைகள் ரயில் பூச்சி என்று கூப்பிட்டு விளையாடுவது சரியான உயிரோடுதான். விளையாடிய கையைக் கண்ணில் வைக்காமல் கழுவினால் போதும்.

கால் எண்ணும் விதி மிக மோசமாகத் தோற்கும் இடம் மருத்துவம். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது லெப்டோட்ராம்பிடியம் என்ற சிலந்திப்பேன். முதிர்ந்தது மண்ணில் எட்டுக் காலோடு யாரையும் தொடாமல் வாழும். மனிதரைக் கடிப்பது அதன் இளம் புழுப் பருவம் மட்டுமே. அந்தப் பருவத்துக்குக் கால் ஆறுதான். உண்ணியின் இளம் பருவத்துக்கும் ஆறு கால்தான். போதாக்குறைக்கு அந்தச் சிலந்திப்பேன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பத்திரிகைகள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதால் மாட்டிலும் நாயிலும் பெரிதாக ஊதியிருக்கும் உண்ணியைத் தேடி, அது இல்லையென்றால் ஆபத்தில்லை என்று மக்கள் நிம்மதி அடைகிறார்கள். மாட்டு உண்ணி வேறு. அது கால்நடைக்கு இரத்தச் சிறுநீர் நோயைத் தரும். இரண்டுக்கும் செய்யவேண்டியது வெவ்வேறு.

இங்கே உயிரைத் தேடிப் பயனில்லை, அது விட்டுச்சென்ற தடத்தைத் தேடவேண்டும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், வலியில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, காதின் பின்புறம், இடுப்புக் கயிறு பதியும் இடம் என்று மறைவான இடங்களில் அது இருக்கும். காய்ச்சலோடு வருபவரை ஆடை விலக்கிப் பார்த்தால் அது கிடைக்கும், பார்க்காவிட்டால் தப்பிவிடும். அந்தப் பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் வந்திருந்தால் நோயை அதுவே சொல்லிவிடும். டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மாத்திரையில் தீரும் நோய் கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். கடுமையான நிலையில் இவ்விரு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது ஒன்றைத் தனியாக ஏற்றுவதைவிடப் பலன் தருகிறது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய இந்தியச் சோதனை 2023இல் காட்டியது. கரும்புக் கொல்லையிலும் புதர் மண்டிய மேட்டிலும் வேலை செய்துவிட்டு வந்த ஒருவருக்கு மழைக்காலத்தில் விடாத காய்ச்சல் என்றால், டெங்குவோடு இதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

தேள் விஷயத்தில் அடையாளம் உயிரைக் காப்பாற்றும். நம் ஊரில் பார்த்தவுடன் அலறவைப்பது பெரிய கருந்தேள், நட்டுவாக்காலி. கையகலம் இருக்கும், கொடுக்கு நண்டின் கொடுக்கைப்போலப் பருத்திருக்கும். கொட்டினால் வலி உண்டு, ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஓலைக் குடிசையின் கீற்றிலும் செங்கல் அடுக்கிலும் வைக்கோல் போரிலும் ஒளிந்திருக்கும் செந்தேளோ சிறியது. நீளம் வாலோடு சேர்த்து ஒரு விரலளவுதான். உடல் சிவப்பும் மஞ்சளும் கலந்து, கொடுக்கு மெலிந்து, வால் பருத்திருக்கும். கொடுக்கு மெலிந்து வால் பருத்தால் நஞ்சு வலியது. கொடுக்கு பருத்து வால் மெலிந்தால் நஞ்சு எளியது. தேள் உலகம் முழுவதற்கும் இது அப்படியே பொருந்தாது, ஆனால் நம் வட்டாரத்தின் இந்த இரண்டையும் பிரிக்க நம்பகமான விதி.

ஃபேப்ரிசியஸ் தமிழர் பெயரிட்ட அந்தத் தேளே இந்தச் செந்தேள். இதன் நஞ்சு நரம்பு முனைகளைத் திறந்துவிட்டு அட்ரினலின் வெள்ளத்தை உடலுக்குள் பாய்ச்சும். கொட்டிய இடத்தில் வலி, பிறகு அளவில்லாத வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுதல், ஆண் குழந்தைகளுக்குக் குறி விறைப்பு, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து நுரை தள்ளுதல். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற மருத்துவர் இந்த வரிசையைக் கட்டில் அருகே நின்று கவனித்து 1982இல் லான்செட் இதழில் எழுதினார். இரத்த அழுத்தத்துக்குத் தரும் பிராசோசின் மாத்திரை இந்த வெள்ளத்துக்கு எதிரானது என்று கண்டு 1986இல் அதே இதழில் வெளியிட்டார். நூற்றுக்கு முப்பது நாற்பதாக இருந்த சாவு பிராசோசினுக்குப் பிறகு ஒன்றிரண்டாகக் குறைந்தது. மனைவி பிரமோதினியோடு சேர்ந்து நடத்திய சோதனை 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது; நச்சுமுறிவு மருந்தைப் பிராசோசினோடு சேர்த்துத் தந்தால் விரைவில் தேறுகிறார்கள் என்று அது காட்டியது. நமக்கு அருகில் புதுச்சேரி ஜிப்மரின் குழந்தை மருத்துவர்களும் செந்தேள் கடிக் குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மந்திரிப்பதிலோ கயிறு கட்டுவதிலோ ஒரு மணி நேரம்கூடப் போகக்கூடாது. தேளை எடுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. செல்போனில் ஒரு படம், இல்லாவிட்டால் கொடுக்கு பருமனா மெலிவா என்ற ஒரு வார்த்தை போதும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. தீங்கு செய்யாத உயிர் மேல் பழி விழுகிறது. மழைக்காலத்தில் டியூப் லைட் வெளிச்சத்துக்கு வரும் ஒரு வண்டு உண்டு. எறும்பைப் போல நீண்டு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவில் இருக்கும். தலை கறுப்பு, நடு உடல் ஆரஞ்சு, வாலின் நுனி மீண்டும் கறுப்பு. இறக்கை உறை மட்டும் நீலப்பச்சையாக மினுங்கும். பெய்டெரஸ் என்று பெயர், ஆறு கால் பூச்சியே. கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஏறியதைக் கையால் நசுக்கித் தேய்த்தால் அதன் உடல் நீர் தோலில் பட்டு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கோடு போட்டாற்போல எரிச்சலும் கொப்புளமும் வரும். முழங்கை மடிப்பில் பட்டால் எதிரெதிராக இரண்டு அச்சாக வரும். காலையில் எழுந்து அதைப் பார்ப்பவர் மேலே கூரையில் வலையோடு இருக்கும் சிலந்தியைக் காட்டி, அது சிறுநீர் விட்டுவிட்டது என்கிறார். பாவம், அந்த நெடுங்கால் வீட்டுச் சிலந்தி இரவெல்லாம் கொசு பிடித்துக்கொண்டிருந்தது. இந்த வண்டும் வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்னும் நண்பனே. நசுக்காமல் ஊதித் தள்ளி, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது அக்கி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கிளம்பினால் அது எந்தப் பூச்சியின் வேலையும் அல்ல. பழைய சின்னம்மைக் கிருமி நரம்பிலிருந்து எழுந்து வருவது அது. முதல் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். சிலந்திக்கடி என்று நம்பிக் காவி எழுதிக்கொண்டிருந்தால் அந்த மூன்று நாள் போய்விடுகிறது. கடித்தது எதுவென்று தெரியாமல் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் காணாக்கடி என்று சொல்லி வைத்தியம் பார்ப்பது நம் மரபு. தடிப்புக்கு அது சரியே. மூச்சுத் திணறலோ தொண்டை அடைப்போ சேர்ந்தால் நேராக மருத்துவமனைதான்.

அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012 அசாம் சாட்சி. தின்சுக்கியா மாவட்டத்தின் சதியாவில் சிலந்திகள் படையெடுத்துக் கடித்தன, இருவர் இறந்தார்கள் என்று நாடெங்கும் செய்தி பரவியது. போய்ப் பார்த்த ஆய்வாளர்களால் அந்தச் சாவுகளுக்குச் சிலந்தியே காரணம் என்று உறுதி செய்ய முடியவில்லை. கழிப்பறை இருக்கையின் அடியில் ஒளிந்து கொல்லும் சிலந்தி என்று ஆண்டுக்கணக்கில் சுற்றிய புரளியில் காட்டப்படும் படமோ டெலமோனியா என்ற தத்துச் சிலந்தியுடையது. நம் தோட்டத்துச் செடிகளில் சாதாரணமாக இருப்பது, யாரையும் கொன்றதில்லை. நம் மரச் சிலந்திகளான பொயிசிலோதீரியாவின் கடி கடும் தசைப்பிடிப்பைத் தரும் என்பது உண்மை. அவையோ மரப்பொந்தை விட்டு வெளியே வருவதே அபூர்வம். காடு அழிவதால் அவற்றுக்குத்தான் நம்மால் ஆபத்து அதிகம்.

வயலையும் வீட்டையும் விட்டுக் கழிமுகத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே குடும்பம் தெரிந்தால் போதாது, இனமே தெரியவேண்டும். பரங்கிப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் பிடிபடும் சேற்று நண்டு ஏற்றுமதிச் சரக்கு. இந்திய நூல்கள் நீண்ட காலம் பெரிய வகையை ஃபேப்ரிசியஸின் பெயரால் சில்லா டிராங்குபாரிகா என்றும், சிறிய வகையைச் சில்லா செராட்டா என்றும் எழுதிவந்தன. 1998இல் கீனன், டேவி, மான் மூவரும் உலகெங்கும் இருந்த மாதிரிகளை மரபணுவோடு சேர்த்து ஒப்பிட்டு இந்தப் பேரினத்தை நான்கு இனங்களாகத் திருத்தியபோது நம் கணக்கு தலைகீழானது. நாம் பெரியது என்று சொன்னதே உண்மையான செராட்டா. சிறியது ஒலிவேசியா. பின்னர் நம் நாட்டு நண்டுகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின. தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய இனப்பெயர் இந்த இரண்டு நண்டுக்குமே உரியதல்ல என்றாகிவிட்டது.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று தள்ள முடியாது. செராட்டா பெரிதாக வளர்வது, குளத்தில் வளர்ப்பவர் தேடுவது. தவறான குஞ்சை வாங்கி விட்டவர் மாதக்கணக்கில் தீனி போட்டுவிட்டுச் சிறிய நண்டை அறுவடை செய்வார். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் செராட்டா என்று போட்டிருக்கும் வளர்ச்சிக் கணக்கும் இனப்பெருக்கக் காலமும் எந்த நண்டைப் பற்றியவை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டிய நிலை. வேறுபாட்டைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். கொடுக்குக் காலின் மணிக்கட்டுப் பகுதியின் வெளிப்புறத்தில் கூர்மையான இரண்டு முள் இருந்து, கண்களுக்கு நடுவே உள்ள பற்கள் உயர்ந்து, கால்கள் எல்லாவற்றிலும் பலகோணக் கட்டம் போட்ட வரைவு தெரிந்தால் அது செராட்டா. முள் மழுங்கியோ இல்லாமலோ இருந்து, பற்கள் தட்டையாகி, கால் வரைவில்லாமல், கொடுக்கில் செம்மஞ்சள் ஏறியிருந்தால் ஒலிவேசியா. நண்டு வியாபாரத்தில் இருப்பவர்கள் இரண்டையும் எடையிலும் நிறத்திலும் பிரித்து வைப்பவர்கள்தான். புத்தகம் குழம்பியிருந்த நாளிலும் தராசு குழம்பவில்லை. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீருயிர் வளர்ப்பு மையம் தொடுவாயில் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. இனம் சரியாகத் தெரிந்தால்தான் அப்படி ஒரு பொரிப்பகம் ஓட முடியும்.

ஆக, வயலுக்குக் குடும்பம் போதும். தேளுக்கு இரண்டு வகையைப் பிரித்தால் போதும். காய்ச்சலுக்குப் பொருக்கைக் கண்டால் போதும். நண்டுக்கு இனம் வேண்டும். சிலந்தி ஆய்வாளருக்கோ இதற்கும் மேலே போகவேண்டும். வளர்ந்த ஆணின் உணர்காலையும் பெண்ணின் அடிவயிற்றுத் தகட்டையும் நுண்ணோக்கியில் பார்க்காமல் பெரும்பாலான சிலந்திகளின் இனத்தைச் சொல்ல முடியாது. குஞ்சுப் பருவத்தில் நிபுணராலும் முடியாது. செல்போனில் படத்தைக் காட்டியதும் லத்தீனில் பெயர் சொல்லும் செயலிகளை நான் பயன்படுத்துகிறேன், நன்றியும் உண்டு. ஆனால் அவை இனப்பெயரைத் துணிந்து சொல்லும்போது நம்பிவிடக்கூடாது. குடும்பம் வரை ஏற்றுக்கொண்டு மேற்கொண்டு கேள்வி கேட்கவேண்டும். படம் எடுப்பவர் முகத்தை நேராக, முதுகை மேலிருந்து, முடிந்தால் அடிவயிற்றைக் கண்ணாடிக் குவளை வழியாக எடுத்து, வலையையும் முட்டைப் பையையும் விடாமல் சேர்த்து, அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, ஊர், நாள், செடி எது என்று குறித்து வைத்தால் அது சான்றாகும். இல்லாவிட்டால் வெறும் படம்.

சாதாரண மனிதர் கொண்டுவரும் மாதிரியின் மதிப்பை ஈழத்து மாங்குளம் காட்டியது. 2009இல் ஊர்க்காரர் ஒருவர் இறந்த ஆண் மரச் சிலந்தி ஒன்றை ஆய்வாளர்களிடம் கொடுத்தார். அதைப் பின்தொடர்ந்து தேடியபோது பொயிசிலோதீரியா ராஜே புதிய இனமாக விவரிக்கப்பட்டது. தேடுதலில் துணை நின்ற காவல் அதிகாரியின் பெயரே அதற்கு இடப்பட்டது.

வெள்ளாற்றுப் படுகைக்கு இதற்கான வசதிகள் அருகருகே இருக்கின்றன. அண்ணாமலைநகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தின் பூச்சியியல் துறை, பரங்கிப்பேட்டையில் அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், புதுச்சேரியில் ஜிப்மரும் நோய்ப்பரப்பி ஆராய்ச்சி மையமும். இவர்கள் சேர்ந்தால் இருபது பக்கத்தில் தமிழில் ஒரு படக் கையேடு வெளிவர முடியும்: ஓநாய்ச் சிலந்தி, நீள்தாடைச் சிலந்தி, ஆக்ஸியோபஸ், பெய்டெரஸ் வண்டு, செந்தேளும் நட்டுவாக்காலியும் பக்கம் பக்கமாக, ஸ்க்ரப் டைபஸ் பொருக்கு, இரண்டு சேற்று நண்டும் மணிக்கட்டு முள்ளோடு. ஒரு படி வேளாண் விரிவாக்க மையத்துக்கு, ஒரு படி ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, ஒரு படி பள்ளிக்கு. அடுத்த சம்பா நடவுக்குள் புவனகிரி வட்டாரத்துக்கு அது வந்து சேரவேண்டும் என்று அந்த நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் வயலுக்குப் போகும் வாசகர்கள் புகையானை எண்ணும்போது சிலந்தியையும் எண்ணுங்கள்.